ஆம்பூர் எந்த மாவட்டம்?

கண்ணு, உன்னிடம் ஒரு கேள்வி. ஆம்பூர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

"திருப்பத்தூர்!" என்கிறாயா? சபாஷ்! ஆனால் 1970இல் அச்சான ஒரு புத்தகத்தைப் புரட்டினால் வட ஆற்காடு என்றிருக்கும். 2018 புத்தகத்தில் வேலூர். ஏனென்றால் 2019இல்தான் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. புத்தகங்கள் பொய் சொல்லவில்லை. எழுதிய வருஷத்துக்கு எல்லாமே சரி. எந்தத் தகவலை எடுத்தாலும் ஆண்டைப் பார் என்று நான் ஏன் நச்சரிக்கிறேன், புரிகிறதா?

இணையத்தில் பல பக்கங்களில் ஆண்டும் இருக்காது, எழுதியவர் பெயரும் இருக்காது. அதனால்தான் தரவுத்தளம் வேண்டும். உன் ஊர் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பார்த்திருப்பாய். வந்த தோலை அப்படியே குவித்துவிட மாட்டார்கள். ஒவ்வொன்றாக விரிப்பார்கள், கீறல் பார்ப்பார்கள், தரம் பிரித்து அடுக்குவார்கள். தரவுத்தளத்திலும் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பொருள் எனக் குறிப்பெழுதி அடுக்கியிருப்பார்கள்.

தமிழில் தேட, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் இருக்கிறது. காசு வேண்டாம். பெரியசாமித் தூரன் தலைமையில் 1968 முதல் பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் அக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். உன் வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது! காரக்பூர் ஐஐடி உருவாக்கிய இந்திய தேசிய மின்னூலகத்தில் பள்ளிப் பாடம் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வரை தேடலாம்.

சரி, தேடிப் பார்ப்போமா? பச்சைத் தோல் இரண்டே நாளில் நாறுகிறது. செருப்பு மட்டும் ஏன் அழுகவில்லை? நல்ல கேள்வி!

"தோல்" என்று மட்டும் தட்டினால் சொறி சிரங்கு மருத்துவமும் வந்து நிற்கும். "தோல் பதனிடுதல்" என்று தட்டு. இன்னும் குறுக்க வேண்டுமா? தோல் பதனிடப் பயன்படும் "ஆவாரம் பட்டை" சேர்த்துக்கொள். ஊர்ப் பெயரை இரண்டு விதமாகவும் எழுதிப் பார். ராணிப்பேட்டையும் இராணிப்பேட்டையும் நமக்கு ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறாகத் தெரியலாம்.

விடை இதுதான். ஆவாரம் பட்டையில் டேனின் என்ற பொருள் உண்டு. தோலுக்குள் கொலாஜன் என்ற புரத இழைகள் இருக்கின்றன. டேனின் அவற்றை இறுகப் பிணைத்துவிடும். அப்புறம் பாக்டீரியாவால் எளிதில் அரிக்க முடியாது. புரிந்ததா? இல்லையென்றால் இன்னொரு தடவை மெதுவாகப் படி, அவசரமில்லை.

இனி உன் முறை. பட்டையில் பதனிட்ட தோல் பழுப்பாக இருக்கும். குரோமிய உப்பில் ஊறிய ஈரத்தோல் நீலமாக இருக்கும்; அதைத்தான் ஆம்பூரில் 'வெட் ப்ளூ' என்கிறார்கள். அந்த நீலம் எங்கிருந்து வந்தது? பள்ளி ஹைடெக் லேபில் உட்காரும் முன், என்னென்ன சொற்களைத் தட்டப் போகிறாய் என்று நோட்டில் எழுதிக்கொள். விடை கிடைத்ததும் பக்கத்திலேயே எழுதியவர் பெயரையும் ஆண்டையும் குறித்து வை.