கல்லீரல் தழும்பை மூலிகை ஆற்றுமா?

கல்லீரலில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பவை நட்சத்திர வடிவச் செல்கள். மது, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், அளவுக்கு மீறிய கொழுப்பு என ஏதோ ஒன்று கல்லீரலைத் தொடர்ந்து புண்ணாக்கினால், டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் இச்செல்களின் குணத்தையே மாற்றிவிடுகிறது. சேமிப்பை இழந்து, கொலாஜன் நாரைச் சுரக்கத் தொடங்குகின்றன. நார் மண்டி மண்டித் தழும்பாகி, முற்றினால் சிரோசிஸ்.

இந்தச் செல்களை அடக்கும் ஆற்றல் பல தாவரச் சேர்மங்களுக்கு உண்டு என்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்தி. மஞ்சளின் குர்குமின், கரிசலாங்கண்ணியின் வெடலோலாக்டோன் என்று பட்டியல் நீளும். ஆனால் அந்த வெற்றிகளில் பெரும்பகுதி எலிகளிடமும் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிடமும் கிடைத்தவை. குர்குமினை வாய்வழி உட்கொண்டால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம்.

மனிதர்களிடம் அதிகம் சோதிக்கப்பட்டது சிலிமாரின். மத்தியதரைக் கடற்பகுதியின் மில்க் திஸில் என்ற முட்செடியின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. மலேசியாவில் கொழுப்புக் கல்லீரல் அழற்சி உள்ள 99 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்குத் தினமும் மூன்று வேளை 700 மில்லிகிராம் வீதம் 48 வாரம் தரப்பட்டது. திசுப் பரிசோதனையில் தழும்பு குறைந்திருந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 22.4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம். நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் ஆய்வின் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை; பெரிய ஆய்வு ஒன்று இதை உறுதிசெய்தாக வேண்டும்.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் சென்னையிலேயே இருக்கிறது. காமாலைக்கு மோரில் அரைத்துக் குடிக்கும் கீழாநெல்லியை, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு இங்கே கொடுத்துப் பார்த்தார்கள். 59 சதவீதம் பேரிடம் கிருமியின் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்ததாக 1988-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

மூலிகை என்றாலே தீங்கில்லை என்ற எண்ணமும் ஆபத்தானது. கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மிளகின் பைபரின் சேர்த்த மஞ்சள் மாத்திரைகளாலும் கல்லீரல் அழற்சி வந்திருக்கிறது. சமையலில் போடும் மஞ்சள் வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.

தழும்பு ஆறவே ஆறாது என்பதும் பழைய கருத்து. வைரஸை மருந்தால் கட்டுப்படுத்தியவர்களிடமும், மதுவை அறவே விட்டவர்களிடமும், எடையைக் குறைத்தவர்களிடமும் அது குறைவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். மூலிகை எதையேனும் எடுத்துக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.