நாற்காலிப் போர்கள் – 9: ஆம்பூரில் செத்த நவாப்

வேலூர்க் கோட்டையில் நவாப் சப்தர் அலியை அவருடைய மைத்துனர் முர்தசா அலியே 1742-இல் தீர்த்துக்கட்டியதைப் போன வாரம் பார்த்தோம். சப்தர் அலியின் பாலகனான மகனும் 1744-இல் ஆற்காட்டில், கல்யாண வீட்டில் வைத்தே குத்திக் கொல்லப்பட்டான். பையனுக்குக் காப்பாளராக ஹைதராபாத் நிஜாம் அமர்த்தியிருந்த அன்வாருதீன் கானே அடுத்த நவாப் ஆனார். பழி அவர் மீதும் விழுந்தது. நிரூபிக்க ஆளில்லை, மறக்கவும் ஆளில்லை.

பழைய நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிபோ அப்போது மராத்தியரின் சாத்தாரா சிறையில் இருந்தார். ரத்த உரிமை என்று பார்த்தால் அவரும் மாப்பிள்ளைதான், மகன் அல்ல. ஆனால் ஆற்காட்டு நவாப் பதவி வாரிசுச் சொத்தே இல்லை. நிஜாம் கொடுப்பது அது. நிஜாமுக்கோ டெல்லி பாதுஷா கொடுக்க வேண்டும்.

1748-இல் நிஜாம் ஆசப் ஜா இறந்ததும் மேல்படியே காலியாயிற்று. மகன் நாசிர் ஜங் கஜானாவைக் கைப்பற்றினார். மகள் வயிற்றுப் பேரன் முசாபர் ஜங், பாதுஷாவின் ஃபர்மான் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். சிறை மீண்ட சந்தா சாகிப் இந்தப் பேரனோடு சேர்ந்தார். முசாபரை நிஜாம் என்று சந்தா ஒப்புக்கொள்ள, சந்தாவை நவாப் என்று முசாபர் நியமித்தார்! இருவர் கையிலும் ஊர் இல்லை, கஜானா இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே மட்டும் இருந்தார், துப்பாக்கிகளோடு.

ஆம்பூர் என்றால் இன்று தோல் ஷூவும் பிரியாணியும். ஏலகிரியை விட்டு இறங்கி வாணியம்பாடி தாண்டினால், இரு பக்க மலைகளுக்கு நடுவே பாலாறு ஓடும் அந்த வழி, மேட்டு நாட்டிலிருந்து ஆற்காட்டுக்கு வரும் படைக்கு வாசல். அங்கே மலைக்கும் ஏரிக்கும் இடையில் அரண் எழுப்பிக் காத்திருந்தார் அன்வாருதீன். எழுபதைத் தாண்டிய கிழவர். 1749 ஆகஸ்ட் 3. பிரெஞ்சுப் படை இரண்டு முறை பின்வாங்கி, மூன்றாம் முறை உள்ளே புகுந்தது. யானை மேலிருந்தபடியே குண்டு பட்டுச் செத்தார் நவாப். மூத்த மகன் மபூஸ் கான் பிடிபட்டார். இளையவர் முகமது அலி திருச்சிக்கு ஓடினார்.

ஓடியவருக்கு நாசிர் ஜங் பட்டம் தந்தார்; அவர் நாசிரை நிஜாம் என்றார். இந்தப் பக்கமும் அதே கணக்குதான், டூப்ளேவின் இடத்தில் ஆங்கிலேயர்.

நாசிர் 1750-இலும் முசாபர் 1751-இலும் கொல்லப்பட்டார்கள். 1752-இல் சந்தா சாகிபின் தலை போயிற்று. மிஞ்சிய முகமது அலிக்கு 1763-இல் பாரிஸ் உடன்படிக்கை முறையான நவாப் என்று முத்திரை குத்தியது. டெல்லியும் இல்லை, ஹைதராபாத்தும் இல்லை, பாரிஸ்! அதே ஷரத்து, முசாபருக்குப் பின் நிஜாமான சலாபத் ஜங்கை முறையான நிஜாம் என்றது. தம்பி நிஜாம் அலி அவரை முந்தைய ஆண்டே இறக்கிவிட்டு பீதர் கோட்டையில் அடைத்திருந்தார். கையெழுத்துப் போட்டவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை போலும்.

(தொடரும்)