மூன்று முறை நழுவிய சாதனை பெங்களூருவில் கைகூடியது

பெங்களூரு கண்டீரவா விளையாட்டரங்கில் 2022 அக்டோபரில் நடைபெற்ற தேசிய ஓபன் தடகளப் போட்டியில், மகளிர் 100 மீட்டர் தடை ஓட்டத்தை 12.82 விநாடிகளில் கடந்தார் ஜோதி யாராஜி. காற்றின் வேகம் விநாடிக்கு 0.9 மீட்டர் மட்டுமே. அனுமதிக்கப்பட்ட வரம்பு 2 மீட்டர். எனவே, 13 விநாடிகளுக்குள் ஓடியதாக முறைப்படி ஏற்கப்பட்ட முதல் இந்தியப் பெண்மணி என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது.

இந்த அங்கீகாரம் எளிதில் வந்துவிடவில்லை. விசாகப்பட்டினத்தில் 1999-இல் பிறந்தவர் ஜோதி. தந்தை தனியார் காவலாளி. தாய் வீட்டு வேலையும் மருத்துவமனையில் துப்புரவுப் பணியும் செய்தவர். ஹைதராபாதிலும், பின்னர் புவனேசுவரத்தில் ஜேம்ஸ் ஹில்லியரிடமும் பயிற்சி பெற்றார்.

அனுராதா பிஸ்வால் 2002-இல் நிகழ்த்திய 13.38 விநாடி தேசிய சாதனை நீண்டகாலம் நிலைத்து நின்றது. கர்நாடகத்தின் மூடுபிதிரியில் 2020 ஜனவரியில் நடந்த பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 13.03 விநாடிகளில் ஓடி அதை முறியடித்தார் ஜோதி. ஆனால், அங்கு அவருக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை நடத்தப்படவில்லை. தேசிய தடகள சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் இல்லை. சாதனை ஏட்டில் அந்த ஓட்டம் இடம்பெறவில்லை.

கோழிக்கோட்டில் 2022 ஏப்ரலில் 13.09 விநாடிகளில் ஓடினார். காற்றின் வேகம் 2.1 மீட்டர். வரம்பைவிட 0.1 மீட்டர் அதிகம் என்பதால் அதுவும் ஏற்கப்படவில்லை. மே மாதம் சைப்ரஸ் நாட்டின் லிமாசோலில் 13.23 விநாடிகளில் ஓடிய பிறகே 20 ஆண்டு சாதனை ஏட்டளவில் முறிந்தது. அக்டோபர் தொடக்கத்தில் காந்திநகர் தேசிய விளையாட்டில் எடுத்த 12.79 விநாடியையும் காற்று பறித்துக்கொண்டது. அதே மாதம் பெங்களூரு அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் 2023-இல் மீண்டும் சோதனை வந்தது. சீனாவின் வூ யான்னி முன்கூட்டியே புறப்பட்ட விவகாரத்தில் ஜோதியையும் நடுவர்கள் முதலில் தகுதி நீக்கம் செய்தனர். அவர் விடாது வாதாடினார், ஓட அனுமதிக்கப்பட்டார். பின்னர் வூ யான்னி நீக்கப்பட, ஜோதியின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது.

2023, 2025 ஆசிய சாம்பியன் போட்டிகளில் தங்கம் வென்ற ஜோதி, பாரிஸ் ஒலிம்பிக்கில் இப்பிரிவில் ஓடிய முதல் இந்தியர். 2025 ஜனவரியில் தில்லியில் குடியரசுத் தலைவரிடம் அர்ஜுனா விருது பெற்றார்.

காற்றை யாரும் குறைகூற இயலாது. ஆனால், மூடுபிதிரியில் தடையாக நின்றது காற்றல்ல. போட்டி ஏற்பாட்டில் இருந்த குறைபாடு. பத்துத் தடைகளைத் தாண்டுவது வீராங்கனையின் பொறுப்பு. அதை முறைப்படி பதிவு செய்ய வழிசெய்வது அமைப்புகளின் கடமை. கிராமங்களிலிருந்தும் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் வருவோர் முதன்முதலில் வெளிச்சத்துக்கு வருவது இத்தகைய பல்கலைக்கழகப் போட்டிகளில்தான் என்பதை விருது வழங்குவோரும் நிதி ஒதுக்குவோரும் மறந்துவிடலாகாது.