வளர்ந்தவர் மனமும் கற்கும்

1988 எழுச்சிக்குப் பின், யாங்கோன் நகரின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களை இராணுவ ஆட்சி குடியமர்த்திய புறநகர்களுள் ஒன்று ஷ்வேப்யிதா. அத்தகைய இழப்பின் வடுவை நாம் அறிவோம். வளர்ந்தவர் மூளை மாறாது என்பது பழைய எண்ணம். யேர்மனியின் லைப்சிக் நகரில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவோ வேறு: மூன்று மாதம் பரிவுப் பயிற்சி பெற்றோரின் மூளையில், உணர்வுடன் தொடர்புடைய புறணிப் பகுதிகள் தடித்தன. தாய்லாந்தின் மே சொட்டில், வன்முறைக்குத் தப்பிய பர்மிய மக்கள் 347 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், காத்திருந்தோரைவிடப் பயின்றோரின் துயரும் அச்சமும் பெரிதும் தணிந்தன. கற்பித்தோர் மருத்துவரல்லர், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. அகதி விசாரணை முடிந்தபின் மனதைக் கவனிப்போம் என நாம் தள்ளிப்போட வேண்டியதில்லை. காத்திருக்கும் இந்நாட்களிலேயே கற்கத் தொடங்கலாம்.