நெல் இலையிலிருந்து நாற்று கிடைக்குமா?

ரணகள்ளி இலையைக் கிள்ளி ஈரமண்ணில் போட்டால், சில நாட்களில் அதன் விளிம்பில் குட்டிச் செடிகள் தோன்றும். நெல் இலையைக் கிள்ளிப் போட்டால் சருகாகிவிடும். "வாழைக்குத் திசு வளர்ப்புக் கன்று வந்துவிட்டது, நெல்லுக்கு எப்போது வரும்?" என்று விவசாயிகள் கேட்பதுண்டு. அதற்கு விடை காண, இலையின் செல்லைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

ஒரே செல்லிலிருந்து முழுச் செடியை வளர்க்க முடியும் என்ற கருத்தை 1902-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய விஞ்ஞானி ஹாபர்லாந்து வெளியிட்டார். அவர் பிரித்தெடுத்த இலைச் செல்கள் உயிரோடு இருந்தன, ஆனால் பெருகவில்லை. 1971-இல் ஜப்பானிய, ஜெர்மானிய விஞ்ஞானிகள் புகையிலை இலையின் செல்களை நொதிகளால் சுவர் நீக்கி, ஊட்டக் கலவையில் வளர்த்து முழுச் செடிகளாக்கினர்.

தானியப் பயிர்கள் இதற்கு எளிதில் இணங்கவில்லை. புல்லினத்தில் இலை அடியிலிருந்தே வளர்கிறது. மாடு மேய்ந்த புல் மீண்டும் நீளுவது இதனால்தான். அடியிலுள்ள இளம் செல்கள் பெருகும். மேலே சென்று முதிர்ந்தவை அத்திறனை இழக்கின்றன. 1985-86-இல் சுவர் நீக்கிய செல்களிலிருந்து நெற்செடி பெற்றபோதும், பெரும்பாலும் விதையின் முளைக்கருவிலிருந்து பெருக்கிய செல்களே பயன்பட்டன. நெல் இலைச் செல்களிலிருந்தே செடி பெற்றதை 1993-இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் குப்தா, பட்டநாயக் வெளியிட்டனர். மக்காச்சோளம், சோளம் நாற்றுகளின் இலை அடிப்பகுதியில், கரு வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்களைச் செலுத்திச் செடி பெறும் முறை 2023-இல் வெளியானது.

இவை புதிய இரகங்களை உருவாக்க உதவும் ஆய்வுக்கூட முறைகள். நாற்று விற்பனைக்கானவை அல்ல. நாம் பயிரிடும் வாழையில் விதை இல்லை. எனவே குருத்து நுனியிலிருந்து கன்று உண்டாக்குகிறோம். நெல்லிலோ ஒரு கதிரிலேயே நூற்றுக்கு மேல் மணிகள் கிடைக்கின்றன. தன் மகரந்தச் சேர்க்கையால் அவை தாய்ப்பயிரை ஒத்தே விளையும். ஆய்வுக்கூடச் செடிகளில் சில பச்சையமின்றி வெளுத்துவிடும். சில குணம் மாறிவிடும்.

ஆகவே, 'திசு வளர்ப்பு நெல் நாற்று' என்று எவரேனும் கூடுதல் விலை கூறினால், பணம் கொடுக்குமுன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள். சான்று விதையே போதுமானது. இரக நெல்லில் சொந்த விதை எடுப்போர் பூக்கும்போதும் அறுவடைக்கு முன்பும் கலவன்களைக் களையுங்கள். விதைக்குமுன் உப்புக் கரைசலில் இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவிப் பயன்படுத்துங்கள்.