கணக்கும் பொறுப்பும்

பாலம் அமைக்கும் பொறியியலாளர் கணிதத்திலே வல்லவராயிருந்தாற் போதும் என்பது நம்மிற் பலருடைய எண்ணம். குடிசார் பொறியியலைப் பயிற்றும் முறையும் நெடுங்காலம் அவ்வெண்ணத்தையே பெரிதும் ஒட்டிச் சென்றது. அது எவ்வாறு மாறியது, ஏன் மாறவேண்டியதாயிற்று என்பதைச் சிறிது நோக்குவோம்.

1893 ஆம் ஆண்டு கொழும்பிலே அரசினர் தொழில்நுட்பப் பாடசாலை தொடங்கப்பெற்றது. அங்கு கற்றோர் பிற்காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குத் தோற்றினர். 1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் தன் பொறியியற் பீடத்தை நிறுவியது. 1964 இல் அது பேராதனைக்குப் பெயர்ந்தது. விரிவுரை, வரைபலகை, மடக்கை அட்டவணை, நில அளவைப் பயிற்சி, எழுத்துப் பரீட்சை ஆகியனவே அக்காலக் கல்வியின் தூண்கள்.

கணினி வந்தபின் நிலை மாறிற்று. கையாற் பல நாட்கள் செய்த கணக்கை அது நொடிப்பொழுதில் முடிக்கிறது. ஆயின், பிழையான தரவைக் கொடுத்தாற் பிழையான விடையையே அழகாக அச்சிட்டுத் தரும். அவ்விடை பொருந்துமா என்று தீர்மானிக்கவேண்டியவர் மனிதரே.

அத்தீர்மானம் தவறினால் என்னாகும் என்பதற்கு, இன்று பல நாட்டு வகுப்பறைகளிற் பாடமாகிவிட்ட நிகழ்ச்சியொன்றைக் கூறலாம். ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் நகரிலுள்ள விடுதியொன்றில், ஒன்றின்கீழ் ஒன்றாக இரு நடைபாலங்கள் கூரையிலிருந்து தொங்கின. முதல் வரைவின்படி நீண்ட கம்பிகளே இரண்டையும் தாங்கவேண்டும். பின்னர், வேலை இலகுவாகுமென்று ஒவ்வொரு கம்பியையும் இரண்டாக்கி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்திலேயே தொங்கவிட்டனர். ஒரு கயிற்றை இருவர் தனித்தனியே பற்றித் தொங்குவது வேறு. ஒருவர் கயிற்றைப் பற்ற, மற்றவர் அவருடைய காலைப் பற்றித் தொங்குவது வேறு. மேலிருப்பவரின் கைப்பிடிக்குப் பாரம் இருமடங்காகிறதன்றோ? மேற்பாலத்தின் இணைப்பும் அவ்வாறே பிடியிழந்தது. 1981 யூலை 17 ஆம் நாள் 114 பேர் மாண்டனர். இதனை உணரப் பெருங்கணிதம் வேண்டியதில்லை. 'இப்பொழுது பாரம் எவ்வழியே செல்கிறது?' என்று ஒருவர் கேட்டு ஆராய்ந்திருந்தாற் போதும்.

இக்கேள்வியைக் கேட்கப் பழக்குவதே புதிய கல்வியின் உயிர்நாடி. மாணவர் குழுவாகக் கூடி வடிவமைக்கின்றனர்; தம் முடிவுக்கான காரணத்தை எழுதியும் பேசியும் நிலைநாட்டுகின்றனர். 1989 இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் முழு உறுப்பாயிற்று. 'எதைக் கற்பித்தோம்' என்பதைவிட, 'மாணவர் எதைச் செய்ய வல்லவராயினர்' என்பதையே அது வினவுகிறது. கூட்டாகப் பணியாற்றலும் தொழில் ஒழுக்கமும் அவ்வினாவில் அடங்கும்.

இப்பழக்கம் பல்கலைக்கழக வாயிலில் திடீரெனத் தோன்றுவதன்று. விடைக்கு மட்டும் புள்ளி வழங்கும் ஆசிரியர்களாகிய நாம், 'இவ்விடை நம்பத்தக்கதா?' என்று ஆறாம் வகுப்பிலேயே கேட்கத் தொடங்கவேண்டும். அப்பிள்ளை நாளை கட்டும் பாலத்தின்மீது நடக்கப்போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகளே.