உங்களுக்குத் தெரியுமா? எடை மெஷினோடு இஞ்ச் டேப்பும் வேண்டும்!

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கிடங்குகளில் சுக்கைப் புடைத்துத் தரம் பிரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கை ஓயாது, கால் அதிகம் நகராது. இல்லத்தரசிகளின் அடுப்படி வேலையும் ஏறக்குறைய அப்படித்தான்.

2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியப் பெண்கள் சம்பளமில்லா வீட்டு வேலைக்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88. (இரண்டுமே அந்த வேலையைத் தொடுகிறவர்களின் கணக்கு மட்டும்!) உலக சுகாதார நிறுவனம் கேட்கும் மிதமான உடற்பயிற்சியோ வாரத்துக்கே 150 நிமிடம்தான். பிறகு ஏன் எடை ஏறுகிறது? சமைப்பதும் பாத்திரம் துலக்குவதும் ஆளைக் களைப்பாக்கிவிடும், ஆனால் இதயத் துடிப்பை அவ்வளவாக ஏற்றுவதில்லை. ஆபீஸ் நாற்காலி வேலைக்கோ அந்த அசைவுகூடக் கிடையாது.

கேரளத்தில் 15–49 வயதுப் பெண்களில் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள் 38.1 சதவீதம் (தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21). அகில இந்திய அளவு 24. பக்கத்து மாநிலம்தானே என்று சிரிக்க வேண்டாம், தமிழ்நாட்டில் 40.4!

இந்தக் குடும்பநல ஆய்வு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25-இல் கோடு போடுகிறது. நம்மவர்களை 23-லேயே உஷாராகச் சொல்கிறார்கள் மருத்துவர்கள், காரணம் வயிற்றுக் கொழுப்பு. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்துக்கு மேலே வைத்து அளந்தால் கணக்கில் சேராது.